“பெரிய சேதம் எதுவும் இல்லை” என்ற பதிலுக்கு: ஜவ்வாது மலைக் காடுகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வன அதிகாரிகளுக்கு,

ஜவ்வாது மலையின் வேலூர்ப் பக்கத்துச் சரிவுகள் இந்தக் கோடையிலும் எரிந்தன. விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் எழுந்து கேட்டபோது உங்கள் தரப்பில் சொன்ன பதில் இது: “தரைமட்டத் தீதான். சருகும் புல்லும்தான் எரிந்தன. பெரிய சேதம் எதுவும் இல்லை. ஒரு மழை பெய்தால் பச்சை பிடித்துவிடும்.” அதோடு எங்கள் மனு முடிந்தது, அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

நான் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் விவசாயி. கொஞ்சம் மாந்தோப்பு, மீதி நிலக்கடலை. மாசி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்காருகிற எல்லோரும் மலையைத்தான் பார்ப்போம். சரிவில் முதலில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அரை மணி நேரத்தில் அது கோடாகும். காற்று மாறினால் இரண்டு கிளையாகப் பிரிந்து உச்சிக்கு ஏறும். வேலூர் நகரத்தில் இருப்பவர்கள் பாலமதிப் பக்கம் எரியும்போது மொட்டை மாடியில் நின்று செல்போனில் படம் எடுக்கிறார்கள். அடிவாரத்தில் நாங்கள் அரிவாளையும் தண்ணீர்க் கேனையும் தூக்கிக்கொண்டு ஏறுகிறோம். நீங்கள் சொன்ன ‘தரைமட்டத் தீ’யை முழங்கால் உயரத்தில் நின்று பார்த்தவர்கள் நாங்கள்.

இந்த மலைக் காடு பெரும்பாலும் இலையுதிர்க் காடு. தை, மாசியில் வேங்கையும் வெப்பாலையும் நெல்லியும் இலை கொட்டிவிடும். தரையில் கணுக்கால் வரைக்கும் சருகு கிடக்கும். மேட்டில் காய்ந்த புல் இடுப்பளவுக்கு நிற்கும். அதில் பிடிக்கிற தீ உயரமாக எழும்பாது, உண்மைதான். வளர்ந்த மரத்தின் பட்டை தடிப்பானது. அடியில் கருகினாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். ஜீப்பில் சாலையோடு போய்ப் பார்த்தால் மரங்கள் எல்லாம் நின்றுகொண்டுதான் இருக்கும். சேதம் இல்லை என்று எழுதுவதற்கு அது போதும் போலிருக்கிறது.

இறங்கி நடந்து பாருங்கள். இடுப்புக்குக் கீழே எதுவுமே இல்லை. போன மழையில் முளைத்த நாற்று இல்லை, அதற்கு முந்தின வருஷத்துக் கன்று இல்லை. விதைகள் வெந்து கிடக்கின்றன. எங்கள் சரிவில் சில இடங்களில் வருஷம் தவறாமல் தீ போகிறது. அங்கே பெரிய மரங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு அடுத்து வர வேண்டிய தலைமுறை இல்லை. கிழவன் கிழவி மட்டும் இருந்து, தொட்டில் ஒன்றுகூடக் கட்டாத ஊரைப் போல இருக்கிறது அந்தக் காடு. இருக்கிற மரமும் விழுந்த பிறகு என்ன நிற்கும்? லாண்டானா என்கிற உண்ணிச்செடி நிற்கும். அது எரிந்தாலும் வேரிலிருந்து முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கிறது. பழைய காட்டுப் பாதைகளே சில இடத்தில் உண்ணிப் புதருக்குள் காணாமல் போய்விட்டன. மாடு மேய்ப்பவர்களைக் கேட்டால் எந்தெந்த இடம் என்று காட்டுவார்கள்.

சந்தனத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலைச் சந்தனம் என்றால் நாடு முழுவதும் பெயர். திருப்பத்தூரில் அரசின் சந்தன மரக் கிடங்கு இருப்பதே இந்த மலைகளை நம்பித்தான். அந்த மரங்களைக் கடத்தல்காரர்கள் எப்படி வெட்டித் தீர்த்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இன்று மிச்சம் இருப்பவை பெரும்பாலும் இளங்கன்றுகள். சந்தனம் தனியாக வளராது; பக்கத்தில் இருக்கிற செடியின் வேரைத் தன் வேரால் பற்றி அதிலிருந்து சத்தை உறிஞ்சித்தான் வளரும். பட்டை மெல்லியது. தீ தாங்காது. சருகுத் தீ ஒன்று போதும், சந்தனக் கன்றும் போகும், அது பற்றியிருந்த செடியும் போகும். வயிரம் பாய்ந்து மணம் பிடிப்பதற்குள் ஒரு மனிதனின் பாதி ஆயுள் கழிந்துவிடும். குயிலும் சின்னானும் பழத்தைத் தின்று விதையைப் போட்டு, யாரும் நடாமல் தானாக முளைத்த கன்றுகள் அவை. வெட்டியவனைப் பிடித்தால் வழக்கு இருக்கிறது, பறிமுதல் இருக்கிறது, செய்தித்தாளில் படம் இருக்கிறது. எரிந்த கன்றுக்கு ஒரு வரிகூட இல்லை.

மாசியிலிருந்து வைகாசி வரைதான் காட்டுக்கோழியும் கவுதாரியும் பக்கி என்கிற இரவுப் பறவையும் முட்டையிட்டு அடைகாக்கும் காலம். மூன்றுமே தரையில் முட்டையிடுபவை. பக்கி கூடுகூடக் கட்டாது, சருகின் மேலேயே முட்டை கிடக்கும். தீ வரும்போது தாய்ப்பறவை பறந்துவிடும், முட்டை என்ன செய்யும்?

இந்த வருஷம் தீ அணைந்த மறுநாள் காலையில் நானும் என் பங்காளியும் ஓடை ஓரமாக மேலே போனோம். சாம்பல் இன்னும் சுட்டது, செருப்பின் அடிப்பாகம் இளகியது. ஒரு பாறையின் தாழ்ந்த பக்கத்தில் நட்சத்திர ஆமை ஒன்று பாதி உடம்பைப் பாறைக்கு அடியில் நுழைத்தபடி கிடந்தது. நுழைந்த பாதியின் ஓட்டில் மஞ்சள் கதிர்க் கோடுகள் அப்படியே பளிச்சென்று இருந்தன. வெளியே இருந்த பாதி கரியாகி, தட்டுத் தட்டாகப் பிளந்திருந்தது. இன்னும் ஒரு சாண் உள்ளே போயிருந்தால் பிழைத்திருக்கும். உலகச் சந்தையில் இந்த ஆமையை வாங்கவும் விற்கவும் 2019-இல் தடை போட்டார்கள். ஒருவன் இதைப் பையில் போட்டுக்கொண்டு போய் அகப்பட்டால் நீங்கள் விடமாட்டீர்கள், விடவும் கூடாது. தீயில் வெந்ததை மட்டும் ஏன் எண்ணுவதில்லை? ‘சருகும் புல்லும்தான்’ என்று கூட்டத்தில் சொன்னபோது என் கண்ணுக்கு முன்னால் இருந்தது அந்த ஓடுதான்.

பெரிய மிருகங்கள் தப்பி ஓடிவிடும் என்பீர்கள். ஓடுகின்றன. எங்கே? எங்கள் நிலத்துக்கு. புள்ளிமான் தண்ணீர் தேடி ஊர் ஓரத்துக்கு இறங்கி நாய்களிடம் மாட்டிக்கொள்கிறது. கரடி இலந்தையும் நாவலும் கரையான் புற்றும் தேனும் கிடைக்கிற வரை காட்டை விட்டு வருவதில்லை. புதர் எரிந்த வருஷம் அது மாந்தோப்புக்கு வருகிறது. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற பெண்கள் கூட்டமாகத்தான் போகிறார்கள். காட்டுப்பன்றி கடலையைத் தோண்டிய தடத்தை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, எங்கள் இழப்பீட்டு மனுக்கள் உங்கள் மேசையிலேயே இருக்கின்றன. பாலாற்றுக்கு வடக்கே பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக் கதை வேறு. அங்கே ஆந்திர எல்லையில் கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் இருக்கின்றன. எரிந்த காட்டை விட்டு யானை இறங்கினால் என்னவாகும் என்று அந்தப் பக்கத்து விவசாயிகள் சொல்வார்கள்.

அடுத்து வருவது தண்ணீர். நாகநதியும் அமிர்தி ஓடையும் எங்கள் ஏரிகளுக்கு வருகிற கால்வாய்களும் இந்தச் சரிவுகளில் பிறப்பவை. சருகு மூடிய தரையில் விழுகிற மழை மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். எரிந்த தரையில் விழுகிற முதல் கோடை மழை கறுப்பாக ஓடிவருவதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். சாம்பல், அதற்குப் பின்னால் மேல்மண், எல்லாம் சேர்ந்து ஏரியில் படிகிறது. அப்புறம் தூர்வாரத் திட்டம் போடுகிறார்கள். நாகநதியை மீட்க எங்கள் மாவட்டத்துப் பெண்கள் நூறுநாள் வேலையில் உறைகிணறு இறக்கினார்கள், கல் தடுப்பணை கட்டினார்கள். பிரதமர் வானொலியில் பேசும் அளவுக்கு 2021-இல் அது பெயர் பெற்றது. அந்தப் பெண்கள் கீழே ஒவ்வொரு கல்லாக அடுக்கிச் சேர்த்த தண்ணீருக்கு மேலே காடுதான் காப்பு. அந்தக் காப்பை எரியவிடலாமா?

தீ எப்படிப் பிடிக்கிறது என்ற கேள்விக்கும் உங்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: மலைவாசிகள் வைக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், யாரையும் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. ஆட்டுக்குப் புதுப்புல் வேண்டும் என்று வைக்கிறவன் இருக்கிறான், அவன் பெரும்பாலும் எங்களைப் போன்ற அடிவாரத்து ஊர்க்காரன். முயலையும் பன்றியையும் விரட்டி வலையில் தள்ள வைக்கிறவன் இருக்கிறான். சாலை வளைவில் வண்டியை நிறுத்தி, குடித்து, கறி வாட்டி, அடுப்பை அணைக்காமல் போகிற கூட்டம் சனி ஞாயிறுகளில் வருகிறது. பீடித்துண்டும் உண்டு. இந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்ல) சாமை விதைப்பதற்கு முன் தங்கள் கொல்லையில் குப்பையைக் கொளுத்துகிறார்கள், அதிலிருந்தும் சில தடவை பரவியிருக்கிறது. ஆனால் காடு எரிந்தால் முதலில் இழப்பவர்கள் அவர்கள்தான். புளி, கடுக்காய், நெல்லி, தேன், பலா எல்லாம் அவர்களுக்கு வருமானம். கூரை வீடு அவர்களுடையது. தீயணைப்பு வண்டி ஏற முடியாத சரிவில் முதலில் போய் நிற்பதும் அவர்கள்தான்.

தீயை அடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மலையாளிப் பெரியவர். பச்சைத் தழையை ஒடித்து நான் வேகமாக ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தேன். “ஓங்கி அடிக்காத தம்பி, பொறி பறந்து பின்னால பத்திக்கும். தழைய மேல வெச்சி அமுக்கி இழு” என்றார். இழுத்தேன், அணைந்தது. மேல்நோக்கி வருகிற தீக்கு எதிரில் நிற்கக் கூடாது, பின்பக்கமாகப் போய் வாலிலிருந்து அணைத்துக்கொண்டு வர வேண்டும், காற்று அடங்குகிற விடியற்காலைதான் நல்ல நேரம் என்பதெல்லாம் அவர் சொன்னதுதான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீக்குள் சிக்கி 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்று அன்றைக்குத் தமிழ்நாடே தெரிந்துகொண்டது. அந்த வேகத்தைச் சின்ன வயதிலிருந்தே அறிந்த மனிதர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்த்துக்கொண்டே காட்டைக் காப்பாற்ற முடியும் என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரியவில்லை.

இந்த வருஷம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தீ தாண்டாமல் இருக்கப் புல்லையும் சருகையும் நீக்கி விடும் தீத்தடுப்புக் கோடுகளைப் பொங்கலுக்கு முன்பே வெட்டிச் சுத்தம் செய்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பழைய கோட்டில் புல் தோள் உயரத்துக்கு நின்றது, தீ வந்த பிறகுதான் ஆள் வந்து வெட்டினார்கள். தீக்காவலுக்கு மலை இளைஞர்களைத் தற்காலிகமாக எடுப்பது வழக்கம். இந்த முறை பாதிக் கோடை போன பிறகு எடுத்தார்கள். எடுத்தவர்களுக்குக் கூலி மாதக்கணக்கில் வரவில்லை. ஒரு பையன் ரப்பர் செருப்போடு தீயை அடித்து உள்ளங்கால் கொப்பளித்துப் பத்து நாள் படுத்துக்கிடந்தான், மருந்துச் செலவு அவன் வீட்டுச் செலவு. போன் செய்தால் “இரண்டு பேர்தான் இருக்காங்க, அவங்களும் வேற பக்கம் போயிருக்காங்க” என்றார்கள். அதைச் சொன்ன வனக்காப்பாளரை நான் குறை சொல்லமாட்டேன். அத்தனை பெரிய காட்டுக்கு அத்தனை பேரை வைத்துவிட்டு அவரைக் கேள்வி கேட்பது நியாயமில்லை. இரவெல்லாம் எங்களோடு நின்றவர் அவர். இந்த மடல் அவருக்கு அல்ல, ஆளும் பணமும் எப்போது வர வேண்டும் என்று முடிவு செய்கிற உங்களுக்கு.

தகவல் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களில் தீயைக் கண்டுபிடித்துக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. அந்தக் கருவிகளில் ஒன்று 375 மீட்டர் அளவுக்குத் துல்லியமாகப் பார்க்கும். பதிவு செய்துகொண்டால் பொதுமக்களுக்கும் அந்தச் செய்தி வரும், எங்கள் ஊரில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணின் போனுக்கு வருகிறது. அவள் சொல்லி நாங்கள் ஏறியிருக்கிறோம். செய்தி டேராடூனிலிருந்து எங்கள் திண்ணை வரைக்கும் வந்துவிடுகிறது. அதைக் கேட்டு ஏறுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் மட்டும் இல்லை.

இன்னொன்றையும் மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். 2023 மே மாதம் எங்கள் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் இறந்தது. சாலை இல்லாததால் பெற்ற தாய் பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் நடந்தாள். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஊராட்சிகளில் குக்கிராமங்களுக்குச் சாலை கேட்டு மக்கள் எத்தனை வருஷம் அலைந்தார்கள் என்பது ஊரறிந்தது. காப்புக்காட்டில் சாலை போட 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். எந்த மரம், எந்த அளவு, எவ்வளவு பரப்பு என்று கணக்கெடுப்பார்கள். அந்தச் சட்டம் வேண்டும் என்று சொல்கிறவன்தான் நான். ஆனால் ஒரு குழந்தையைக் கொண்டுவரப் பாதை கேட்கும்போது ஒவ்வொரு மரத்தையும் எண்ணுகிற நிர்வாகம், ஒரே ராத்திரியில் ஒரு சரிவு முழுக்கக் கருகும்போது எதையும் எண்ணாமல் ‘சேதம் இல்லை’ என்று எழுதுவது எந்த நியாயத்தில் சேரும்?

நாங்கள் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், இந்தக் கோடையில் எரிந்த பரப்பை நடந்து பார்த்து அளவெடுங்கள். சாலையோரத்திலிருந்து மதிப்பிட வேண்டாம். எந்தப் பகுதி, எத்தனை ஹெக்டேர், எத்தனையாவது வருஷமாகத் தொடர்ந்து எரிகிறது, நாற்றும் கன்றும் என்ன ஆயின, என்னென்ன உயிர்கள் செத்துக் கிடந்தன என்று எழுதி, வரைபடத்தோடு தமிழில் வெளியிடுங்கள். அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். குறைதீர்வுக் கூட்டத்தில் சொன்ன பதிலைத் திரும்பப் பெற்று, அதே கூட்டத்தில் திருத்திச் சொல்லுங்கள்.

தீத்தடுப்புக் கோடுகளை வெட்டும் வேலை மார்கழி முடிவதற்குள் முடிய வேண்டும். அதற்கான பணம் கார்த்திகையிலேயே வனச் சரக அலுவலகத்துக்கு வந்தால்தான் அது நடக்கும். மாசியில் வருகிற பணம் சாம்பலைக் கூட்டத்தான் உதவும்.

தீக்காவலர்களைத் தை முதல் ஆனி வரை வேலைக்கு எடுங்கள். அந்தந்த மலைக் கிராமத்தவரையே எடுங்கள், பெண்களையும் சேருங்கள். கூலி மாதாமாதம் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். தோல் பூட்சு, தடித்த துணிச் சட்டை, தண்ணீர்ப் பை, சருகை ஊதித் தள்ளும் கருவி, காயம் பட்டால் சிகிச்சை, உயிரிழந்தால் குடும்பத்துக்கு நிதி, இவை இல்லாமல் யாரையும் தீக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். இந்த ஆண்டு பாக்கி வைத்திருக்கும் கூலியை இந்த மாதமே கொடுத்துவிடுங்கள்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, காட்டையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. அதைப் பயன்படுத்துங்கள். சனவரி 26 கிராம சபைக் கூட்டத்துக்கு ஒவ்வொரு மலை ஊராட்சியிலும் அடிவாரத்து ஊராட்சியிலும் உங்கள் அலுவலர் ஒருவர் வரட்டும். கொல்லையைக் கொளுத்துவதற்கு நாள் குறித்து, காவல் வைத்து, எல்லோர் கண்ணெதிரிலும் செய்ய ஏற்பாடு பண்ணலாம். ஆட்டுக்காரர்களுக்கு மேய்ச்சலுக்கு எந்த இடம் என்று பேசி முடிக்கலாம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்திலேயே குற்றம். வேட்டைக்காகத் தீ வைப்பவன் மேலும், சாலை வளைவில் அடுப்பு மூட்டுகிறவன் மேலும், அவன் எந்த ஊராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும் அந்தச் சட்டத்தைப் போடுங்கள். மாசி முதல் வைகாசி வரை சனி ஞாயிறுகளில் சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்தி, அடுப்பும் மதுவும் மேலே போகாமல் பாருங்கள்.

வருஷா வருஷம் எரிகிற சரிவுகளில் உண்ணிச்செடியை வேரோடு எடுத்துவிட்டு, ஐந்து வருஷத்துக்காவது தீ நுழையாமல் காத்துத் தாருங்கள். புதிதாக மரம் நடும் விழா எங்களுக்கு வேண்டாம். தீ போகாமல் இருந்தால் விதை தானாக முளைக்கும், சந்தனமும் முளைக்கும்.

அடுத்த மாதக் குறைதீர்வுக் கூட்டத்துக்கு நாங்கள் வருகிறோம். மேலே கேட்டவற்றில் எதைச் செய்வீர்கள், எந்தத் தேதிக்குள் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று எழுத்தில் பதில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஜவ்வாது மலை அடிவாரத்து விவசாயி ஒருவர்,
வேலூர் மாவட்டம்.